சுத்தமாப் போயிடுது

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே ஒருத்திக்கு நாற்காலி போட்டுச் சம்பளமும் கொடுக்கும் காலம் வரும் என்று அவர்களுக்குத் தெரியாது.

சட்டைத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் அவளுக்கு வேலை, சட்டையில் உள்ள ஒவ்வொன்றும் எங்கிருந்து, யார் கையால், என்ன பாடு பட்டு வந்தது என்று விசாரிப்பது. சட்டையை வாங்கும் தூரதேசத்துக் கடைக்காரர்களுக்குத் திடீரென மனசாட்சி முளைத்ததன் பலன். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு ஆதிமூலம் என்று பெயர் வைத்தார்கள். கணக்கர் மட்டும் முன்பாதியை விட்டுவிட்டு, "மூலம் இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று நலம் விசாரிப்பார்.

"நாள் பூரா உக்காந்தே இருக்கிற உங்களுக்குத்தான் சார் அது வரும்" என்பாள்.

கேலிக்கு அசராதவளைச் சட்டை அசத்தியது. பொத்தான் கடலடிச் சிப்பி. அதை மூழ்கி எடுத்தவருக்கு ஒரு காது கேட்காது. காலருக்குள் வைக்கும் துணி வந்த தறிக்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. கட்டினால்தான் வாங்குவோம் என்று இவள் ஒற்றைக்காலில் நின்று கட்ட வைத்தாள். முகம் தெரியாத ஒருத்தி அங்கே நிம்மதியாகப் போய்வர, இங்கே ஒரு காலர் நிமிர்ந்து நிற்கிறது. கணவனின் சட்டையை இஸ்திரி போடும்போது அவளுக்குச் சில சமயம் கை நின்றுவிடும். இத்தனை பேரை முதுகில் சுமந்துகொண்டு அந்த மனுஷன் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறாரே.

கண்காணாத இடங்களுக்கெல்லாம் போனவள், அடுத்த தெருவைத் தாண்டி இருந்த, சட்டைத் துணிக்குச் சாயம் போடும் பட்டறைக்கு மட்டும் போகவில்லை. அது அக்கா வீட்டுக்காரருடையது. போனிலேயே கேட்டாள்.

"மாமா, சாயத் தண்ணிய என்ன பண்றீங்க?"

"அதுவா? சுத்தமாப் போயிடுதும்மா."

சுத்தமான தண்ணீர்தான் வெளியேறுகிறது என்று மேலே தெரிவித்துவிட்டாள்.

கடைக்காரர்களின் ஆட்கள் பார்வையிட வரப்போகிறார்கள் என்றதும் மேலாளர், "சொந்தம்னாலும் ஒருதடவ கண்ணால பாத்துட்டு வந்துடுங்க" என்றார். போனாள். ஆவி பறக்கும் தொட்டிகள், முழங்கை வரை நீலமான ஆட்கள். மாமா பெருமையாகப் பின்சுவரில் இருந்த குழாயைக் காட்டினார்.

"பாத்தியா, ஒரு சொட்டு உள்ள தங்காது. சுத்தமாப் போயிடும்."

மாமா பொய் சொல்லவில்லை. சுத்தம் என்ற சொல்தான் இரண்டு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் அழுக்கு இருக்காது, இன்னோரிடத்தில் எதுவுமே இருக்காது.

"எங்க போகுது மாமா?"

"உனக்கு வேற கேள்வியே வராதா? வாய்க்காலுக்குப் போகுது. அது எங்க போகுதுன்னு வாய்க்கால்கிட்டயே கேளு."

அவர் கிண்டலாகச் சொன்னதை அவள் யோசனையாக எடுத்துக்கொண்டாள். நீலத் தண்ணீரோடு கூடவே நடந்தாள். வீடுகளின் பின்பக்கம், பள்ளிக்கூடச் சுவர், மெக்கானிக் கடை எல்லாம் தாண்டி வாய்க்கால் ஒரு பள்ளத்தில் போய்ப் படுத்தது. பள்ளத்தை ஒட்டி ஒரு கிணறு. கிணற்றுக்குள் குழாயை விட்டு ஒரு தண்ணீர் லாரி உறிஞ்சிக்கொண்டிருந்தது. டிரைவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். தினமும் காலையில் தொழிற்சாலை வாசலில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"என்னக்கா, இங்க வந்து நிக்கிறீங்க?"

"நமக்கு இங்கேருந்தா தண்ணி வருது?"

"கம்பெனி ஆரம்பிச்சதுலேருந்து இதே கிணறுதான். லேசா நிறம் இருக்கும். டீ நல்ல கலரா வருதுன்னு கணக்கர் சார்கூட சொல்வாரு."

அவள் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைச் சட்டைகளில் அவ்வப்போது தெரியும் நீலத் திட்டுக்கு இஸ்திரி போடும் பெண்கள் திட்டு வாங்கியது ஞாபகம் வந்தது. கடலுக்கடியில் கிடந்த சிப்பிக்கு ஊர் கேட்டவள், தன் டம்ளர் தண்ணீருக்குக் கேட்கவில்லை. மாமாவின் பின்சுவரில் கிளம்பி, தெருவெல்லாம் சுற்றி, கடைசியில் அவள் தொண்டைக்குள் வந்து சேர்ந்திருந்தது அந்தச் சங்கிலி. பயமும் பிரமிப்பும் ஒன்றாக வந்ததில் எது எதுவென்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவள் வாய்க்காலோடு நடந்த செய்தி அவளுக்கு முன்பே அக்காவிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"நீ போட்டுக் குடுத்தா அவருக்குப் பட்டறை இருக்காது, எனக்குத் தங்கச்சி இருக்க மாட்டா. யோசிச்சுக்கோடி" என்று போனை வைத்தாள் அக்கா.

மறுநாள் மேலாளரிடம் சொன்னாள்: "நான் முன்னாடி சொன்னது தப்பு சார். அந்தப் பட்டறை சுத்தமா சுத்தமில்ல."

"அப்ப ஆர்டர நிறுத்திடுவோம்."

"நிறுத்தினா அவர் வேற யாருக்காவது சாயம் போடுவாரு. வாய்க்கால் அதேதான், நாம குடிக்கிற கிணறும் அதேதான். வேலை குடுத்துட்டே இருந்தாத்தான், சுத்திகரிக்கத் தொட்டி கட்டுங்கன்னு சொல்ல நமக்கு வாய் இருக்கும்."

மேலாளர் மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெல்லத் தள்ளி வைத்தார். தொட்டி கட்டினால் தொடர்ந்து வேலை தருவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள், கடைக்காரர்களிடமும் மறைக்கவில்லை. மாமா முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். அக்கா இவளோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள், முணுமுணுக்கக்கூட இல்லை.

தொட்டியைத் திறந்த அன்று அவள் போய் நின்றாள். மை போல உள்ளே போன தண்ணீர் சுண்ணாம்பு, மணல், கரி என்று ஒவ்வொரு அறையாகத் தாண்டி வெளுத்தது. கடைசித் தொட்டியின் அடியில் கிடந்த ஆணி ஒன்று துரு உட்படத் தெளிவாகத் தெரிந்தது. சாயத்தில் ஊறிய கைகளோடு எல்லாரும் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் மறுபடி சாயத்தொட்டிக்கே திரும்பிப் போனது.

"இப்ப சுத்தமாப் போறதே இல்லம்மா" என்றார் மாமா, பாதி புகாராக.

ஓரத்தில் கசடு கட்டிய மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவள் கண் அங்கே போவதைப் பார்த்து, "கேட்டுடாத" என்றார்.

பின்னாலிருந்து ஒரு டம்ளர் நீண்டது. அக்கா.

"எங்கேருந்து வந்த தண்ணின்னு கேக்காம குடிப்பியாடி?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அக்கா பேசிய முதல் வார்த்தை. டம்ளரை இரு கையாலும் வாங்கிக்கொண்டு, அவள் கேட்டாள்.

"எங்கேருந்துக்கா?"