கால்வாய்க் கதவும் கேபின் கதவும்

அமீரகத்துப் புஜைராவில் நான் ஃபோர்மேனாக இருக்கும் மர ஒர்க்‌ஷாப்பில் வில்லாக்களுக்கு வாசல் கதவு செய்வோம். தேக்கில் இரட்டைக் கதவு. சாத்தினால் இரண்டும் ஒரே பலகைபோல நேராக நிற்க வேண்டும். நடுவில் விரலை ஓட்டினால் மேடு பள்ளம் தட்டக் கூடாது. தட்டினால் வில்லா இன்ஜினியர் ‘திரும்பச் செய்’ என்று அதன்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவார். அந்த ஸ்டிக்கருக்குப் பயந்தே எனக்குத் தலை நரைத்தது. முடி கொட்டியதற்கு மட்டும் இந்த ஊர்த் தண்ணீரைக் குற்றம் சொல்லிக்கொள்வேன்.

இப்படிப்பட்ட எங்களிடம்தான் அயர்லாந்தின் கால்வாய் வந்து சேர்ந்தது.

கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அயர்லாந்துக்காரர்கள் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். அவர்கள் நாட்டின் பழைய கால்வாய், ரயில் பாலம், கலங்கரை விளக்கம், செம்புச் சுரங்கம் நான்குக்கும் மாதிரி செய்ய வேண்டும். முதலில் கால்வாய். அது சரியாக வந்தால் மற்ற மூன்றும் எங்களுக்கே. பொறுப்பிலிருந்த ஐரிஷ் மேடம் நான்கு பெரிய படங்களைக் கொண்டுவந்து எங்கள் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றாகக் கதை சொன்னார். கால்வாயில் குதிரையைக் கட்டிப் படகு இழுத்தார்களாம். ரயில் வந்ததும் படகுக்காரர்களுக்கு வேலை போய்விட்டதாம். பிறகு அந்த ரயிலும் நின்று, பாலத்தின்மேல் இப்போது சைக்கிள் ஓட்டுகிறார்களாம். சுரங்கம் மூடியாகிவிட்டது. கலங்கரை விளக்கம் மட்டும் இன்னும் எரிகிறது. ஆனால் தானாக எரிகிறது, ஆள் தேவையில்லை.

நான்கு படத்திலும் ஒரு மனிதர்கூட இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். என் விசா அடுத்த மாதத்தோடு முடிகிறது.

முதலாளி கீழக்கரைக்காரர். மர வியாபாரம் செய்துகொண்டே இந்த ஒர்க்‌ஷாப்பையும் வைத்திருக்கிறார். சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

“மேஸ்திரி, வில்லா வேலை மாஃபி, ஒண்ணுமே இல்ல. உங்களுக்கே தெரியும். இந்த அயர்லாந்து வேல நாலும் கெடைச்சா உங்க விசாவ அடிக்கிறேன். இல்லேன்னா கேன்சல்தான். மனசுல வச்சுக்காதீங்க.”

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பது? ஊரில் என் மகள் நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். படிப்பு முடிகிறவரை நான் இங்கே நின்றாக வேண்டும். இந்த வயதில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு, விசா கொடுக்க இன்னொரு கஃபீலைத் தேடிப் போனால் அவர் முதலில் என்னை உட்காரச் சொல்வார். அடுத்து வீட்டுக்குப் போகச் சொல்வார்.

கால்வாய் என்றால் முழுக் கால்வாய் அல்ல. அதில் படகு ஏறும் ஓர் இடம், லாரி நீளத்துக்கு. நடுவே ஒரு தொட்டி, அதன் இரு முனையிலும் இடுப்பு உயர இரட்டைக் கதவு. பொம்மைப் படகு தொட்டிக்குள் வந்ததும் பின்கதவைச் சாத்தி, மேலேயிருந்து தண்ணீரை விட்டால் தொட்டி நிரம்பிப் படகு உயரும். பிறகு முன்கதவைத் திறந்தால் மேல்கால்வாய்க்குப் போய்விடும். படகுக்கு லிஃப்ட். பிள்ளைகள் கண்ணாடி வழியாக அதைப் பார்க்க வேண்டும்.

டிராயிங்கில் ஒரு விசித்திரம். இரண்டு கதவையும் சேர்த்தால் வாசலைவிட அகலம் கூடுதலாக வந்தது. நேராகச் சாத்தவே முடியாது. சுவரில் இருந்த படத்திலும் கதவுகள் நேராக இல்லை. நடுவில் மூக்கு மாதிரிப் பிதுங்கிக்கொண்டு நின்றன.

எங்கள் பெயின்டர் திருநெல்வேலிக்காரன். படத்தை உற்றுப் பார்த்தான். “பழங்கதவுல்லா அண்ணாச்சி. தண்ணியில ஊறித் தொஞ்சி போயிருக்கு.”

“டிராயிங்காரன் அந்தத் தொய்ஞ்ச கதவையே அளந்து போட்டிருக்கான் பாரு,” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான்கு கதவுகளையும் ஓரத்தில் அறுத்து, இழைத்து, நூல் பிடித்ததுபோல நேராக நிறுத்தினேன். விரலை ஓட்டினேன். பட்டு. எந்த இன்ஜினியரும் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது.

வியாழக்கிழமை தண்ணீர் விட்டோம்.

தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. கதவு இரண்டும் நடுவில் விலகி, தண்ணீர் பாய்ந்து, தயாராக அடுக்கியிருந்த கிச்சன் அலமாரிகளின் காலை நனைத்து, முதலாளியின் ஷூவுக்குள் போனது. ரப்பர் ஒட்டினேன், பிடுங்கிக்கொண்டது. சிலிக்கான் அடித்தேன். தண்ணீர் நின்றது, கதவும் நின்றுவிட்டது. நான்கு பேர் இழுத்தும் வரவில்லை.

“தெறக்காத கதவுக்குச் சுவருன்னுதான அண்ணாச்சி பேரு?” என்றான் பெயின்டர்.

முதலாளி ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினார். “நாளைக்கு அசர் தொழுகைக்கு அப்புறம் ஹோட்டல்காரன் பாக்க வர்றான் மேஸ்திரி,” என்றார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மேடம் மட்டும் முன்னதாக வந்தார். சிலிக்கானைச் சுரண்டிக்கொண்டிருந்த என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளின் விரல் நுனிகளையும் சேர்த்து என்முன் நீட்டினார். வெள்ளைக்காரப் பெண்மணி நம் முறைப்படி வணக்கம் வைக்கிறாரே என்று நானும் எழுந்து கைகூப்பினேன். பெயின்டரும் பிரஷ்ஷோடு கும்பிட்டான்.

மேடம் தலையை ஆட்டி, சேர்த்த விரல் நுனிகளைத் தொட்டித் தண்ணீரின் பக்கம் திருப்பினார். என் கையை எடுத்து அந்த நுனியில் வைத்து, தள்ளச் சொன்னார். தள்ளினேன். இரண்டு கைகளும் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிக்கொண்டன. இன்னும் தள்ளினேன், இன்னும் இறுகின.

படத்தில் இருந்த மூக்கு தொய்வல்ல. கதவு நேராக நின்றால் தண்ணீர் அதைத் திறக்கும். தண்ணீரை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றால் தண்ணீரே அதைச் சாத்தும். அந்த அகலத்தைத்தான் நான் அறுத்துப் பட்டுப்போல இழைத்திருந்தேன்.

மாலை நான்கு மணிக்கு ஹோட்டல்காரரோடு வருவதாகவும், அப்போதும் தண்ணீர் நிற்காவிட்டால் படத்தை மட்டும் மாட்டிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு மேடம் போனார்.

புதிய கதவுக்கு ஒர்க்‌ஷாப்பில் தேக்கு இல்லை. முதலாளியின் கடை உட்பட மரக்கடைகள் ஜும்ஆ தொழுகைக்கு அடைத்துவிட்டன. முதலாளியும் தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். நான் நடு ஒர்க்‌ஷாப்பில் நின்று சுற்றிப் பார்த்தேன். பிளைவுட், எம்டிஎஃப், பிளைவுட், எல்லாம் தண்ணீர் பட்டால் உப்புகிறவை. அப்புறம் முதலாளியின் கேபின்.

கேபின் கதவு நான் செய்ததுதான். கனத்த பர்மா தேக்கு. வருகிற வியாபாரிகளிடமெல்லாம் அதைத் தட்டிக்காட்டி, ‘சத்தத்தைக் கேளுங்க’ என்பார். குறுக்கே ஓர் அறுப்பு, நெடுக்கே ஓர் அறுப்பு போட்டால் நான்கு கதவு கிடைக்கும்.

நான் ஸ்க்ரூ டிரைவரோடு போவதைப் பார்த்துப் பெயின்டர் ஓடிவந்தான். “அண்ணாச்சி, விசா போறது பத்தாதா? உள்ள தூக்கிப் போட்டுருவாங்க!”

“உள்ள போட்டாலும் இந்த நாட்டுலதானேடா இருப்பேன். அந்தப் பக்கம் புடி.”

ரம்பத்தின் கீழ் அதைத் தள்ளினேன். பிரியாணி சாப்பிட்டுவிட்டு முதலாளி திரும்பியபோது நான் கடைசிக் கீலை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் பழக்கத்தில் கேபின் கதவைத் தள்ளக் கையை நீட்டி, காற்றைத் தள்ளி, ஒரு தடுமாறு தடுமாறி உள்ளே போனார். வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மறுபடி வாசலைப் பார்த்தார்.

“மேஸ்திரி…”

“தண்ணி விடட்டுமா முதலாளி?”

தண்ணீர் ஏறியது. கதவுகள் மூக்கோடு மூக்கு முட்டி இறுகின. தண்ணீர் நின்றுவிட்டது. நடுவில் மட்டும் ஒரு நூல் கசிவு. மேடமும் ஹோட்டல்காரரும் வந்தார்கள், படகு உயர்ந்தது, மேடம் சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினார். கசிவைத் துணியால் மறைத்து நின்ற என்னை விலக்கி, அயர்லாந்தில் நிஜக் கதவுகள் இதைவிட அதிகமாக ஒழுகும் என்றார். வேலையை நாற்பது தடவை பாராட்டியபின், மற்ற மூன்றையும் மாதிரி செய்யாமல் சுவரில் ஸ்டிக்கர் படமாகவே ஒட்டிக்கொள்ள ஹோட்டல் முடிவு செய்துவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“லைட் ஹவுசுக்காவது ஒரு கதவு வேணுமே மேடம்?” என்றேன். அதுவும் ஸ்டிக்கரில் வந்துவிடுமாம்.

அவர்கள் கார் போனதும் முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். “உங்க மேல தப்பு ஒண்ணுமில்ல மேஸ்திரி. ஆனா நான் சொன்னது சொன்னதுதான்.”

“சரி முதலாளி.”

“அதுக்கு முன்னாடி என் கேபினுக்குக் கதவு போட்டுட்டுப் போங்க. போன் பேசுனா ஊரே கேக்குது. கதவு மாட்டுற வரைக்கும் கேன்சல் பேப்பர் குடுக்கமாட்டேன்.”

அதனால் இப்போது கதவு செய்துகொண்டிருக்கிறேன். நான் இழைக்கும் வேகத்தைப் பார்த்தால் மரமே திரும்ப முளைத்துவிடும். நேற்று மகள் போனில், “விசா அடிச்சாச்சாப்பா?” என்றாள். “வேலை நெறையக் கெடக்கும்மா, பெரிய கதவு ஒண்ணு,” என்றேன். பெயின்டரும் உதவிக்கு இருக்கிறான். “பாலிஷு ஒவ்வொரு பூச்சா காயணும்லா, முதலாளி,” என்று சொல்லிவைத்திருக்கிறான்.

இன்று காலை முதலாளி வந்து, “இழைச்சது போதும், நாளைக்கு மாட்டிருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் டிராயரைத் துழாவினேன். வில்லா இன்ஜினியர் விட்டுப்போன சிவப்பு ஸ்டிக்கர்கள் அடியில் கிடந்தன. ஒன்றை உரித்து, கதவின் நட்டநடுவில் நானே ஒட்டினேன்.

மத்தியானம் முதலாளி அதைப் பார்த்துவிட்டார். “என்ன இது?”

“அந்த எடத்துல லேசா மேடு தட்டுது முதலாளி. திரும்ப இழைக்கணும்.”

அவர் அந்த இடத்தில் விரலை ஓட்டினார். பட்டுப்போல இருக்கும், எனக்குத் தெரியும். இன்னொரு தடவை ஓட்டினார். விரலை எடுக்காமலேயே நின்றுகொண்டிருந்தார்.