அப்பாவின் டிபன் பாக்ஸ்

மாரிகுப்பம் ரயிலில் எதிரே இருந்த பெண் ஒரு நாவலைப் படித்து அழுதுகொண்டிருந்தாள். செத்துப்போன கணவன் தினமும் வீட்டுக்கு வந்து சாப்பிடும் கதையாம். எனக்கு எட்டு வயதிலேயே இதில் நம்பிக்கை கிடையாது.

அப்பா தங்கச் சுரங்கத்தில் இறந்த பிறகும், ஷிப்டு முடியும் சங்கு ஊதினால் அம்மா களியும் கருவாட்டுக் குழம்பும் டிபன் பாக்ஸில் வைத்துப் பின்வாசல் ஆணியில் மாட்டுவாள். சாயங்காலம் பாக்ஸ் கழுவிக் காலியாகத் தொங்கும்.

"உங்கப்பா வந்து துன்னுட்டுப் போறாரு" என்பாள்.

உயிரோடு இருந்தபோது ஒரு தம்ளர்கூடக் கழுவாத மனிதர் அவர். சந்தேகம் தாங்காமல் ஒரு லீவு நாளில் விறகுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். அப்பாவோடு ஒரே கேஜ் லிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கிய பக்கத்து வீட்டுத் தாஸ் மாமா அழுதபடி தின்றுகொண்டிருந்தார்.

"பாக்ஸு அப்பிடியே இருந்தா உங்கம்மா தாங்காது. சொல்லிடாத, கண்ணு."

மாமா பங்காருபேட்டைக்குக் குடிபோன அன்று பாக்ஸ் நிறைந்தே தொங்கியது. அம்மா பார்ப்பதற்குள் நானே தின்றேன். அப்பாவுக்குப் பிடித்த காரம். கண்ணும் மூக்கும் ஒழுகின.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் அப்பாவின் பாக்ஸில் குழம்பு காரமே இல்லாமல் இருந்தது.