முதுகுப் பாடம்

எங்கள் அண்ணை மருத்துவக் கல்லூரிச் சோதனையில் தவறிய செய்தி வீட்டைத் தாண்டிப் போகக்கூடாது என்று அம்மா கட்டளையிட்டிருந்தார். ஆகவே எங்கள் ஊரான கரம்பொன் முழுவதும் அது தெரிந்திருந்தது. அவர் தவறியது உடற்கூற்றில், அதிலும் முதுகில். மனித முதுகில் தவறுவதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் ஒரு தடவை எழுத விடுவார்கள், அதிலும் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான் என்று அண்ணையே சொன்னார். சொல்லிவிட்டு அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறைய மனித எலும்புகளையும் கொண்டுவந்தார். மருத்துவம் படிக்கிறவர்கள் அப்படித்தான் வைத்துப் படிப்பார்களாம். ஆனால் அப்போது கோயிலில் கொடியேறியிருந்தது. வீடு கழுவி, சட்டிபானை மாற்றி, மீன் மச்சம் நிறுத்தியிருந்த அம்மா, அண்ணையை வாசல் படலையிலேயே மறித்தார்.

"ஆரின்ரையோ எலும்பைத் தூக்கிக்கொண்டு விரத வீட்டுக்குள்ள வாறியோ? கொண்டுபோ அங்கால!"

பெட்டி ஊர்காவற்றுறையில் அண்ணையின், கோயில் விரதம் இல்லாத வேதக்காரச் சிநேகிதர் வீட்டுக்குப் போய், அங்கே ஒரு கட்டிலுக்கடியில் நிம்மதியாக இருந்தது. அண்ணையிடம் புத்தகம் மட்டுமே மிஞ்சியது. படத்தைப் பார்த்து முதுகு படிப்பது, படத்தைப் பார்த்து நீந்தப் பழகுவது போல என்று சலித்துக்கொண்டார். நான் பெரிய மனதுடன் என் முதுகைக் கொடுக்க முன்வந்தேன்.

"உன்ர முதுகில இறைச்சி எங்கையடி? வெறும் எலும்பு. அம்மா கண்டாவெண்டால் உன்னையும் படலைக்கு வெளியில விட்டிடுவா."

அந்த நேரத்தில்தான் அப்பா வந்து சேர்ந்தார். தெற்கே ஒரு பட்டணத்தில் மொத்த வியாபாரக் கடையொன்றில் அவர் கணக்கப்பிள்ளை. வருடத்தில் ஒரு முறை, கோயிலில் எங்கள் குடும்பத்தின் திருவிழா நாளுக்கு மட்டும் வருவார். வெள்ளை வேட்டி, நீளக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் கணக்கப்பிள்ளையர்.

மகனுக்கு ஒரு முதுகு வேண்டும் என்று தெரிந்ததும் அப்பா உடனே சட்டையைக் கழற்றினார். மாமரத்தின் கீழ் கதிரையைத் திருப்பிப் போட்டு, அதன் சாய்மனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணை ஈர்க்கு நுனியில் பஞ்சைச் சுற்றி, புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தில் தோய்த்தார், முதுகிலேயே படம் கீற.

"நாளைக்குத் திருவிழா. வெறும் மேலோட சனத்துக்கு முன்னால நிக்கவேணும். இதென்ன கூத்து?" என்றார் அம்மா.

"இவன் பாஸ் பண்ணுறதைவிட எனக்கு என்ன திருவிழா? நீ கீறு தம்பி," என்றார் அப்பா.

அண்ணை இடப்பக்கத்திலிருந்து தொடங்கினார். பிடரியிலிருந்து தோளுக்கு விரிந்து, நடுமுதுகில் கூராய் முடிவது ட்ரபீசியஸ். இடுப்பிலிருந்து அகலமாகக் கிளம்பிக் கைக்கு ஓடுவது லற்றிசிமஸ். தேவாலயத்துச் சுவாமிமாரின் பெயர்களைப் போலவே எனக்கு அவை கேட்டன. ஒவ்வொன்றையும் கீறுமுன், "தோளைத் தூக்குங்கோ அப்பா," "கையைப் பின்னுக்குக் கொண்டு போங்கோ," என்பார். அப்பா நல்ல பள்ளிக்கூடப் பிள்ளையாகச் செய்வார். அவருடைய தோலுக்கடியில் தசைகள் எழும்பி ஓடி ஒளிவதைப் பார்த்து நான் கைதட்டினேன். அன்று அண்ணை சிரித்ததைப் போல அந்த விடுமுறையில் அவர் வேறொருநாளும் சிரிக்கவில்லை.

பிறகு வலப்பக்கத்துக்கு வந்தார். கழுத்தடிக்கும் தோளுக்கும் நடுவே அவருடைய கை நின்றது. அங்கே சிறு தலையணை வைத்துத் தைத்தது போல ஒரு மேடு. தோலும் தடித்துக் கறுத்திருந்தது. நான் பிறந்த நாள் முதல் பார்த்த மேடுதான் அது. அண்ணை விரலால் அழுத்தினார். இடப்பக்கத்தை அழுத்தினார். மறுபடி வலப்பக்கம்.

"இது என்னப்பா?"

"அது சும்மா கொழுப்புக் கட்டி," என்று அடுப்படிக் குசினிக்குள்ளிருந்து அம்மா சொன்னார். கேட்டது அவரையல்ல.

அண்ணை சிறிது நேரம் அந்த இடத்திலேயே கையை வைத்திருந்தார். பிறகு ஈர்க்கைக் கீழே போட்டார்.

"மற்றப் பக்கம் கீறேல்லையோ தம்பி?"

"இவ்வளவு காணும் அப்பா. ரெண்டு பக்கமும் ஒண்டுதான்."

இரண்டும் ஒன்றாக இல்லை என்பது எனக்கே தெரிந்தது. சோதனையில் எப்படித் தவறினார் என்பதும் அப்போது விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

அம்மா தேசிக்காய்ப் புளியும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்ததில் அப்பாவின் முதுகு சிவந்தது, ஊதா அசையவில்லை. மறுநாள் காலை கோயிலில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் நின்றபோது சனம் சாமியை விட்டுவிட்டு அவருடைய முதுகைத்தான் கும்பிட்டது.

"என்ன கணக்கப்பிள்ளையர், முதுகிலயும் கணக்கெழுதத் தொடங்கீட்டியளோ?"

"இது என்ர மோன்ர பாடம்," என்றார் அப்பா பெருமையாக.

சாமி வெளிவீதிக்கு எழுந்தருளியபோது, வாகனத்தைத் தூக்கும் முன்கொம்பில் தோள் கொடுக்க அப்பா போனார். திருவிழாக்காரருக்கு உரிய இடம் அது. அவர் குனிந்து வலத்தோளைக் கொடுக்க, அண்ணை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"விடுங்கோ அப்பா. நான் காவுறன்."

"வருசத்தில ஒருக்காத்தானே தம்பி..."

"நீங்கள் இவ்வளவு நாளும் காவினது காணும்."

அண்ணை கொம்புக்கடியில் தன் தோளைக் கொடுத்தார். பழக்கமில்லாத தோள், வாகனம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஆண்டுக்கொருமுறை கிடைக்கும் மரியாதையைப் பறித்த அண்ணையின் மீது எனக்குக் கடும் கோபம் வந்தது.

அந்தக் கடை கைமாறியபோதே கணக்கப்பிள்ளை வேலை போய்விட்டது என்பதும், அதே கடையில் லொறியிலிருந்து அரிசி மூட்டை இறக்கும் ஆளாக அப்பா நின்றுகொண்டார் என்பதும், பேனாவை ரயிலில் வரும்போது மட்டும் பையில் செருகினார் என்பதும் நான் வளர்ந்த பிறகு, டொக்டரான அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும். வருடக்கணக்காக ஒரே தோளில் பாரம் ஏறினால் அந்தத் தசையும் தோலும் எப்படியாகும் என்று அவருடைய புத்தகத்தில் இருக்கவில்லையாம். கை வைத்தபோது தெரிந்ததாம்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மேளம் முழங்க வாகனம் நகர்ந்தபோது அப்பா வீதியோரத்தில் என்னருகில் வந்து நின்றதுதான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்த வலத்தோளைப் பொத்திக்கொண்டார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பாவுக்கு இவ்வளவு பக்தியா என்று நினைத்து, நானும் சாமியைப் பார்த்துக் கைகூப்பினேன்.