ஐந்தாவது ஆள்

ஜெர்சிக்கு ஆசைப்பட்டுத்தான் என்னையும் ஆட்டக்காரனாகப் பதிந்துகொண்டேன். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதுகில் ஓர் எண்ணோடு ஃபேஸ்புக்கில் ஒரு படம், அவ்வளவுதான் என் லட்சியம்.

பத்து காஜா ஊருக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்களை அழித்து வீடுகள் கட்டிய பழைய தோட்டம்தான் எங்கள் ஊர். எங்கள் ஆட்களுக்குக் காற்பந்துதான் தெரியும். ஆனால் வீடு கட்டியவர்கள் விட்டுவைத்த சிமெண்டுத் திடலில் இரண்டு கூடைகள்தான் நின்றன. சரி, கூடைப்பந்து என்று முடிவாகி, ஈப்போ வட்டாரத்தில் நடக்கும் ஒரு சின்ன வார இறுதி லீக்கில் சேர்ந்தோம். படிக்கிற ஆள் என்பதால் நான் மேனேஜர். உலகக் கூடைப்பந்து விதிப்புத்தகத்தை முழுதாகப் படித்தேன். பந்தைத்தான் தொட்டதில்லை.

அணியை எதிராளிகள் கொல்லவில்லை, தொழிற்சாலை ஷிப்ட் கொன்றது. ஒருமுறை மூன்றே பேர் வந்ததால் தோற்றதாக அறிவித்தார்கள். இன்னொரு முறை ஆள் சேராவிட்டால் லீக்கை விட்டே நீக்கம்.

அடுத்த ஆட்டம் காம்பாரில், பல்கலைக்கழகப் பையன்களோடு. வேனில் என்னைத் தவிர நாலு பேர்தான் இருந்தார்கள். ஐந்தாமவன் கையுறைத் தொழிற்சாலையிலிருந்து போன் செய்தான்.

"அண்ணே, ஷிப்ட் முடிஞ்சும் ஓட்டி போட்டுட்டாங்க. சூப்பர்வைசர் விட மாட்டேங்கிறான்லா."

வேனை ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன், வார நாட்களில் லாரி ஓட்டுபவன், கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "அப்ப நீங்கதாண்ணே அஞ்சாவது."

"எனக்குக் கால்ல கொஞ்சம் வலி."

"நிக்கத்தானே சொல்றேன்? ஓடச் சொன்னா நாங்களே சிரிச்சிருவோம்."

ஸ்டென்ட்டைப் பற்றி அவர்களிடம் நான் சொன்னதில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் வேன் திரும்பிவிடும், அணி அத்தோடு முடிந்தது. விதி எனக்கு மனப்பாடம்: தொடங்க ஐந்து பேர் வேண்டும், பிறகு குறைந்தாலும் ஆடலாம். முதல் முறை பந்து வெளியே போனதும் நானும் வெளியே போய்விடலாம். அதுவரை உயிர் இருக்க வேண்டும்.

நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைப் பையிலிருந்து எடுத்தேன். நான் கண்ணாடி முன்னால் அத்தனை முறை போட்டுப் பார்த்த உடையில் பாக்கெட் கிடையாது. மாத்திரையைக் கைக்குள் பொத்திக்கொண்டு திடலின் ஓரமாகப் போய் நின்றேன்.

நடுவர் விசில் ஊதினார். பந்து வெளியே போவதாகவே இல்லை. இந்தப் பக்கம் ஓடினார்கள், அந்தப் பக்கம் ஓடினார்கள். மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக விளையாடக் கூடாது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இதயம் மட்டும் ஐந்து பேருக்கும் சேர்த்து ஓடியது. இடது தோளில் ஏதோ இழுத்தது. இதுதானா? போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது. வீட்டில் கோயில் கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஜெர்சியோடு என்னைத் தூக்கிக்கொண்டு போனால் மனைவி முதலில் அழுவாளா, திட்டுவாளா?

"அண்ணே, பந்து!"

கையை விரித்துவிட்டேன். மாத்திரை விழுந்தது. ஓடிவந்த பையனின் சப்பாத்துக் கால் அதன்மேல் ஏறியது. பந்து நேராக என் நெஞ்சில் மோதி வெளியே போயிற்று.

கண்ணை மூடிக்கொண்டேன். சாவு எந்தப் பக்கமிருந்து வரும் என்று காத்திருந்தேன்.

"அங்கிள், ஓகேயா?" என்றான் அந்தப் பையன். கண்ணைத் திறந்தேன். வலது முழங்கை அரித்தது. வேறொன்றும் இல்லை. வெளியே வந்து உட்கார்ந்தேன். மற்ற நால்வரும் கடைசிவரை ஆடிப் படுதோல்வி அடைந்தார்கள். ஆனால் லீக்கில் இருந்தோம்.

ஒரு வாரம் இருந்தோம். அடுத்த ஆட்டத்துக்கு மறுபடியும் மூன்று பேர்; நானும் வீட்டில் படுத்துவிட்டேன். அணி கலைந்தது.

சில மாதம் கழித்து, அன்றைய நடுவரை ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். எங்கள் ஊர்த் தமிழர், பள்ளி ஆசிரியர். அணிக்காக உயிரையே பணயம் வைத்த கதையை, மாத்திரை உட்பட, குரல் தழுதழுக்கச் சொன்னேன். அவர் மீனைப் புரட்டிப் போட்டார்.

"நம்ம லீக்ல நாலு பேர் இருந்தாலே ஆரம்பிக்கலாமேண்ணே. மேனேஜர் கூட்டத்துல சொன்னேன், நீங்க கொய்த்தியாவ் சாப்பிடப் போயிட்டீங்க. அன்னைக்கும் சொல்லலாம்னுதான் உங்க பக்கத்துல வந்தேன். ஜெர்சியெல்லாம் போட்டு ஆசையா நின்னீங்க, விட்டுட்டேன்லா."