வரவேற்பறை ஓரத்து வேலை

சின்னவளுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, அவளுக்குள் ஒரு மேதை ஒளிந்திருப்பதாகப் பெரியப்பா நம்பிவந்தார். ஏதோ வீடியோவில் பார்த்தாராம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடாம். அவளோ பள்ளி இறுதியில் கணக்கில் தட்டுத்தடுமாறிக் கரையேறியவள். மதிப்பெண்ணைக் காட்டியும் மனிதர் அசரவில்லை.

அவளுக்குப் பிடித்தது வேறு. பல் மருத்துவமனையின் பின்னறையில் ஒருவர் மெழுகில் பல் செதுக்குவதை ஒருமுறை பார்த்திருந்தாள். அதற்கென்று ஒரு படிப்பு இருப்பதை விசாரித்துக்கொண்டு வந்து வீட்டில் சொன்னாள். பல்செட் செய்யவா இவ்வளவு மூளை என்று பெரியப்பா சிரித்தார். அண்ணன் சொல் தட்டாத உத்தமரான அப்பாவும் சிரித்துவைத்தார்.

பெரியப்பாவுக்குத் தெரிந்த மேலாளர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் எங்களிடம் இடமுண்டு என்று அவருடைய நிறுவனம் அப்போது தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தது. இடம் கொடுக்கத்தான் ஆள் அகப்படவில்லை. சின்னவள் அகப்பட்டாள். வரவேற்பறை ஓரத்தில் மேஜை, நாற்காலி, கணினி எல்லாம் கொடுத்தார்கள். முதல் வேலையாக அவளைப் படமெடுத்து, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார்கள். இரண்டாவது வேலை என்று எதுவும் வரவேயில்லை.

கேட்டுப் பார்த்தாள். கணினிக்குக் கடவுச்சொல்லாவது தாருங்கள் என்றாள். பார்க்கலாம் என்றார்கள். தலைக்கு மேல் துடிக்கும் குழல்விளக்கு கண்ணைக் குத்துகிறது என்றாள். அதற்கும் பார்க்கலாம். பார்ப்பதில் அந்த அலுவலகத்தை மிஞ்ச ஆளில்லை. போகிறவர் வருகிறவர் மட்டும் குரலைக் குழைத்து, சாப்பிட்டியா என்று கேட்டுப் புண்ணியம் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒருநாள் வெளியாட்கள் சிலர் வந்தார்கள். மேலாளர் அவர்களை நேராக அவளிடம் அழைத்துவந்து, எங்களுக்கெல்லாம் இவள்தான் உந்துசக்தி என்று உருகினார். வந்தவர்களில் ஒரு பெண், நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று அவளிடமே கேட்டாள்.

"ஒண்ணும் பாக்கல. வேலை இன்னும் குடுக்கல," என்றாள் சின்னவள்.

"தமாஷா பேசுவா," என்றார் மேலாளர்.

"தமாஷ் இல்ல சார். நீங்களே சொல்லுங்க, எனக்கு இங்க என்ன வேலை?"

மேலாளர் வந்தவர்களைக் காபிக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் வராததால் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பெரியப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மானம் கப்பலேறிவிட்டதாம். ஏறுகிற அளவுக்கு அவரிடம் என்ன இருந்தது என்பது வேறு விஷயம். அப்பா தலையாட்டினார். அம்மாதான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "சும்மா உக்காரத்தான் அனுப்புனீங்கன்னா, அதுக்கு நம்ம வீடே போதும். அவ கேட்ட படிப்புலயே சேத்துடறேன்," என்றாள்.

கல்லூரி முதல்வர் மட்டும் லேசுப்பட்டவரா? சின்னவளை எதிரே வைத்துக்கொண்டே, இவள் கத்துவாளா என்று அம்மாவிடம் விசாரித்தார்.

"என்கிட்டயே கேளுங்க. கத்த மாட்டேன். செய்முறைய எழுதிக் குடுங்க. பரீட்சைய தனி ரூம்ல வைங்க," என்றாள் அவள்.

"உனக்குக் குடுத்தா மத்தவங்களும் கேப்பாங்களேம்மா."

"கேட்டா குடுங்க."

இத்தனை வருடம் கல்லூரி நடத்தியவருக்கு இப்படி ஒரு வழி இருப்பது தோன்றியதே இல்லை. அம்மா சட்டம் என்று வாயெடுத்த பிறகுதான் அவர் பேனாவுக்கு மை ஊறியது.

அங்கே அவள் ஒன்றும் வெளுத்துக்கட்டிவிடவில்லை. முதல் வருடம் வார்த்த பல் அச்செல்லாம் காற்றுக்குமிழி விழுந்து வீணாய்ப் போனது. ஒரு பாடத்தில் தோற்று, மறுபடி எழுதித் தேறினாள். இப்போது செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் கடைவாய்ப் பற்கள் செய்கிறாள். பக்கத்து மேஜைக்காரி வாய் ஓயாதவள். அவள் ஆரம்பித்தால் இவள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.