ஜாக்கெட்காரர்

கல்யாணப் பேச்சு நடந்தபோது தரகர் எங்கள் அப்பாவிடம், "மாப்பிள்ளை ஜாக்கெட் செய்யறாரு" என்றார். நான் அப்போதே வாசல் அறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். ஒரே வீட்டில் ரெண்டு டெய்லரா என்று அப்பா முகத்தைச் சுளித்தார். கல்யாணமாகிப் பத்து நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. இவருடைய ஜாக்கெட்டுக்கு நாலு கால். எடை ஆறாயிரம் டன்.

கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிற இடத்தில் அந்த இரும்புக் கூட்டை இறக்கி நிறுத்தி, தரையோடு அறைந்து, அதன் தலையில் மேல்தளத்தைத் தூக்கி வைப்பார்கள். எண்ணெய் எடுக்கிற சாமான், ஆட்கள் தூங்கும் அறை எல்லாம் அந்தத் தளத்தில்தான். "அதுக்கு எதுக்குங்க ஜாக்கெட்னு பேரு?" என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும், நான் அளவெடுக்கிறவன்" என்றார். அதைக் கட்டுகிற கடலோர யார்டில் அவருக்குப் பேரே 'டேப்பு'.

இருபத்தாறு வருஷத்தில் ஏழு ஜாக்கெட். கரையில் அதைப் படுக்கப்போட்டுத்தான் கட்டுவார்கள். படுத்தபடியே மிதவையில் ஏறிப் போய்விடும். கடலில் நிற்கிற ஜாக்கெட் ஒன்றைக்கூட இந்த மனுஷன் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் ஓய்வு. எட்டாவதுதான் கடைசி. "இந்தத் தடவை மேல்தளம் வைக்கும்போது உங்களையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று மேலாளர் வாக்குக் கொடுத்தார். இவர் அன்றைக்கே புது ஷூ வாங்கிவந்து, வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எட்டாவது ஜாக்கெட் கிளம்புகிற நாளுக்குப் பெரிய இடத்து ஆட்களை அழைத்தாகிவிட்டது. கடைசி வேலை, மேல்முனையில் காலுக்கும் காலுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. பத்து மில்லிமீட்டருக்கு மேல் தப்பு இருக்கக் கூடாது. மேலாளர் உச்சி வெயிலில் அளக்கச் சொன்னார். மூன்று மில்லி குறைவு. பிரமாதம் என்று கைதட்டினார். இவர் மறுநாள் விடியுமுன் போய்த் தனியாக அளந்தார். பன்னிரண்டு மில்லி குறைவு.

மேலாளருக்குப் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம். இரும்பு வெயிலில் நீளும் என்பது இரண்டிலும் வரவில்லை போலிருக்கிறது.

"மத்தியான அளவை எழுதுங்க. ஒரு விரல் அகலம்யா! யாரு கண்டா?"

"மேல்தளத்தைக் கூரைக்கு அடியில நிழல்ல அளந்திருக்காங்க சார். இதை வெயில்ல அளந்தா எப்படி? அங்க போய் உட்காராது."

"கையெழுத்துப் போட்டா கப்பல்ல உங்களுக்கு இடம் இருக்கு. போடலேன்னா இல்ல. நல்லா யோசிச்சுக்கங்க."

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீ என்ன சொல்றே?" என்று கேட்டார். கடல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். போட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நனைச்சா சுருங்குற துணியை நனைக்காம அளந்து தைச்சா, ஜாக்கெட் பத்தாதுங்க" என்றேன்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. அவர் போடாமல் மிதவை நகராது. ஒரு காலின் நுனியை அறுத்து, நகர்த்தி, மறுபடி ஒட்டவைக்கப் பதினொரு நாள் ஆனது. விழா ரத்து. யார்டே இவரைக் கரித்துக்கொட்டியது. மேலாளர் சொன்ன சொல் தவறாதவர். கப்பலில் இவருக்கு இடம் தரவில்லை. ஸ்டோரில் கையுறை எண்ணும் பெரிய பொறுப்பைத் தந்தார்.

மேல்தளம் முதல் தடவையிலேயே ஜம்மென்று உட்கார்ந்தது. மேலாளர் திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பாத்தீங்களா, ஒரு பிரச்சனையும் இல்ல. இவரால பதினொரு நாள் வீணாப்போச்சு!" சரியாக இருக்கிற ஜாக்கெட்டுக்கு என்றைக்கு யார் டெய்லரைப் பாராட்டினார்கள்? இவர் தலையாட்டிவிட்டுக் கையுறை எண்ணப் போய்விட்டார்.

வருஷக் கடைசியில் கம்பெனி காலண்டர் வீடு தேடி வந்தது. முதல் பக்கத்தில், கடல் நடுவில், லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மேலாளர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். படம் முழுக்க அவர்தான். காதுக்குப் பின்னால் மட்டும் மஞ்சளாக ஒரு கால். ஜாக்கெட்டின் காலும் மேல்தளத்தின் காலும் சேருகிற இடம்.

துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து மேலாளரை ஒட்ட வெட்டித் தள்ளினேன். மிச்சத்தை இவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நேரா நிக்குதுடி" என்றார்.

பழக்கதோஷம், டேப்பை எடுத்து அந்தத் துண்டையும் அளந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் பார்த்த, நிற்கிற ஜாக்கெட் அது ஒன்றுதான். அகலம் பன்னிரண்டு மில்லி.