ஷோகேஸில் என் நாவல்

இன்று கம்பைநல்லூரில் ஷமீம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையிலேயே தையல் கடை வைத்திருப்பவர். என் நாவலைப் படித்துவிட்டு போனில் பாராட்டிய வாசகி.

போனதும் டீ கொடுத்தார். கண்ணாடி ஷோகேஸைத் திறந்து, பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, என் நாவலை எடுத்து முன்னால் வைத்தார். "யாருக்கும் தர்றதில்லீங்க. புதுசாவே வெச்சிருக்கேன் பாருங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் தையல் மெஷின் மேல் கிடந்த இன்னொரு நாவலைப் பார்த்தேன். அட்டையே இல்லை. பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. படித்த இடத்துக்கு அடையாளமாக ஒரு துண்டு பிளவுஸ் துணி. எழுதியவர் இப்போது உயிரோடுகூட இல்லை.

"அது எப்பவும் இங்கதான் கெடக்கும்ங்க. பட்டன் வெக்கறப்பகூட நாலு வரி படிச்சுக்குவேன்."

"கதைதான் தெரியுமேக்கா?"

"நம்ம வூட்டு ஆளுங்க என்ன சொல்லுவாங்கன்னுந்தான் தெரியும். அதுக்காகப் பேசாமயா இருக்கறோம்?"

"என்னுதை மறுபடி படிச்சீங்களா?"

"ஐயோ, அழுக்காயிடுமுங்க!"

வயிறு எரிந்தது. அவர் உள்ளே போன நேரம் பார்த்து, டீ டம்ளரை என் நாவலின் அட்டை மேலேயே வைத்தேன்.

திரும்பி வந்தவர் பதறிப்போனார். "பாத்து வெக்கக்கூடாதுங்களா?" என்று முந்தானையால் துடைத்து, கவருக்குள் போட்டு, ஷோகேஸில் வைத்தார்.

இந்த முறை பூட்டினார்.

உங்கள் வீட்டில் என் நாவல் இருந்தால், தயவுசெய்து அதன் மேல் கொஞ்சம் குழம்பைச் சிந்திவிட்டு, போட்டோவைக் கமெண்டில் போடுங்கள்.